பழைய ரேஸிங் சைக்கிளுக்கு ஃப்ளாட் பார்: எதெது பொருந்தும், எதெது பொருந்தாது?

#1 மூன்றாம்கியர் (லெஸ்டர்)

வணக்கம். 1986-ஐ ஒட்டி நாட்டிங்ஹாமில் செய்த ராலே ரேஸிங் சைக்கிள். ரெனால்ட்ஸ் 501 ஸ்டீல் குழாய். முன்னால் 2 பல்சக்கரம், பின்னால் 6, ஆக 12 கியர். கியர் லீவர் இரண்டும் சாய்வுக் குழாயில் இருக்கின்றன. பிரேக் வைன்மன் சைடுபுல் (ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் காலிப்பர், கேபிள் ஒரு பக்கத்திலிருந்து இழுக்கும்), ரிம் அலுமினியம், டயர் 27 × 1¼. பிரேக் கேபிள் லீவரின் தலையிலிருந்து வளைந்து வெளியே வரும் பழைய வகை.

ட்ராப் பாரை (கீழே வளையும் கைப்பிடி) எடுத்துவிட்டு ஃப்ளாட் பார் (நேர்க் கைப்பிடி) போட வேண்டும். ஓட்டம் டவுனுக்குள்தான். விரல் எப்போதும் பிரேக்கின் மேலேயே இருக்க வேண்டும், கழுத்தும் கொஞ்சம் நிமிர வேண்டும். கேள்விகள்: இருக்கிற ஸ்டெம்மையே (பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் கழுத்து) வைத்துக்கொள்ளலாமா? பழைய பிரேக் லீவரை ஃப்ளாட் பாரில் பூட்ட முடியுமா? கியர் லீவரைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் கொண்டுவர எவ்வளவு வேலை?

#2 வெர்னியர்

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்து மூன்று விட்டங்களை அளந்து போடுங்கள். இந்த வேலையில் வீணாகும் காசில் பெரும்பகுதி இந்த மூன்று எண்களைக் கண்மதிப்பில் விடுவதால்தான் வீணாகிறது.

முதலாவது, ஃபோர்க் தண்டுக்குள் இறங்கும் ஸ்டெம்மின் அடித்தண்டு. 1 அங்குல ஃபோர்க் கொண்ட பிரிட்டிஷ், ஜப்பானியச் சைக்கிள்களில் இது 22.2 மிமீ.

இரண்டாவது, ஸ்டெம்மின் வாய் பாரைப் பிடிக்கும் இடம். அந்தக் காலத்து ட்ராப் பார்களில் 25.4, 26.0 இரண்டும் சகஜம். பழைய சினெல்லி என்றால் 26.4. ஸ்டெம்மின் அடியிலோ பாரின் நடுவிலோ பெரும்பாலும் எண் பொறித்திருக்கும். இல்லையென்றால் பாரைக் கொஞ்சம் நகர்த்தி, கீறல் விழாத இடத்தில் அளக்க வேண்டும். 0.6 மிமீ வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பூட்டிய பிறகு கைக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது பார் சுழலும்.

மூன்றாவது, கையும் லீவரும் உட்காரும் இடம். ட்ராப் பாரில் அது 23.8 மிமீ, ஃப்ளாட் பாரில் 22.2. அதனால்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் "முடியாது". பழைய லீவரின் பட்டையை 22.2-ல் எப்படி முறுக்கினாலும் இறுகாது. கட்டாயப்படுத்தி இறுக்கினாலும் லீவரின் வளைவு ட்ராப் பாரின் வளைவுக்கென்று வார்த்தது. நேர் பாரில் விரலுக்கு எட்டாத தூரத்தில் நிற்கும். பார், பிரேக் லீவர், கிரிப் மூன்றும் ஒரே செட்டாக மாறியாக வேண்டும்.

#3 பட்டறைமேசை (கோயம்புத்தூர்)

அளவோடு இன்னொன்றையும் சொல்லுங்கள். இப்போது ஓட்டும்போது கை பெரும்பாலும் எங்கே இருக்கிறது, லீவர் தலையிலா, பாரின் மேல் நேர்ப்பகுதியிலா?

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் ஸ்டெம் நீளத்தை முடிவு செய்வது இதுதான். லீவர் தலையைப் பிடித்து ஓட்டுகிறவருக்குக் கை, ஸ்டெம் முடிகிற இடத்திலிருந்து சுமார் 10 செமீ முன்னால் இருக்கும். ஃப்ளாட் பாரில் ஸ்டெம் முடியும் கோட்டிலேயே கை நிற்கும். பார் பின்பக்கம் சற்று வளைந்திருந்தால் அதற்கும் பின்னால் வரும். அதே ஸ்டெம்மில் ஃப்ளாட் பாரைப் பூட்டினால் ஓட்டுகிறவருக்கு முழங்கால் முகத்துக்கு வருகிற மாதிரி நெருக்கமாகத் தோன்றும். அவர் 20 முதல் 40 மிமீ நீளமான ஸ்டெம் போட வேண்டும். மேல் நேர்ப்பகுதியையே பிடிப்பவருக்கு ஸ்டெம் மாற்ற வேண்டியதில்லை. அவர் கை ஏற்கெனவே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

#4 மூன்றாம்கியர்

அளந்துவிட்டேன். அடித்தண்டு 22.2. பார் வாய் 25.4, ஸ்டெம்மின் அடியிலும் அப்படியே பொறித்திருக்கிறது. ஸ்டெம் நீட்டம் நடுவிலிருந்து நடுவுக்கு 90 மிமீ. கை பெரும்பாலும் மேல் நேர்ப்பகுதியில்தான்.

#5 வெர்னியர்

நல்ல செய்தி. மலைச் சைக்கிள்களின் பழைய ஃப்ளாட் பார் எல்லாம் நடுவில் 25.4-தான். இன்றைக்குக் கடைகளில் கண்ணில் படுவது பெரும்பாலும் 31.8. அதை எடுத்துவிடாதீர்கள். 25.4, அகலம் 560 முதல் 600 மிமீ, பின்வளைவு 5 முதல் 9 டிகிரி என்று கேளுங்கள். மேலேறும் வளைவு கொண்ட ரைசர் பார் வேண்டாம். உங்கள் ஸ்டெம் ஒரே போல்ட்டில் மூடும் வகை, பாரை ஒரு முனையிலிருந்து நுழைத்துத்தான் கொண்டுவர வேண்டும். ரைசரின் வளைவு அந்த வாயில் சிக்கும்.

இனி பிரேக் லீவர். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கடையில் "ஃப்ளாட் பார் பிரேக் லீவர்" என்று கேட்டால் தருவது பெரும்பாலும் வி-பிரேக் (ரிம்மின் இரு பக்கமும் தனித்தனி நீண்ட கை நிற்கும் பிரேக்) லீவர். 1996-ல் ஷிமானோ வி-பிரேக்கைக் கொண்டுவந்ததிலிருந்து மலைச் சைக்கிள் லீவர்கள் அதற்கேற்ற மாதிரி கேபிளை அதிக தூரம் இழுக்கும்படி மாறிவிட்டன. வி-பிரேக்குக்கு வேண்டிய கேபிள் இழுப்பு சைடுபுல் காலிப்பருக்கு வேண்டியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த லீவரை உங்கள் வைன்மனோடு இணைத்தால், லீவரைத் தொட்டவுடன் பிரேக் கட்டை ரிம்மில் முட்டும், பிடிப்பு கல் மாதிரி இருக்கும். கடையில் நின்று பார்க்கும்போது அது "நல்லா டைட்டா இருக்கு" என்றே தோன்றும். ரோட்டில் வண்டி நிற்காது. அதே கை பலத்துக்குக் கட்டையில் விழும் அழுத்தம் பாதிதான். கல் மாதிரி இருக்கும் லீவரை நல்ல பிரேக் என்று நினைப்பதுதான் இந்த மாற்றத்தில் நடக்கும் ஆபத்தான தவறு.

உங்களுக்கு வேண்டியது குறைந்த இழுப்பு லீவர், அதாவது காலிப்பருக்கும் கேன்டிலீவருக்கும் (வி-பிரேக்குக்கு முந்தைய குட்டைக்கை பிரேக்) உரியது. டெக்ட்ரோ எஃப்எல்750, ஷிமானோ பிஎல்-4700 போன்றவை இந்த வகை. செலவைக் குறைக்க வேண்டுமென்றால், 1996-க்கு முந்தைய மலைச் சைக்கிளிலிருந்து கழற்றிய கேன்டிலீவர் பிரேக் லீவர் போதும், அளவும் 22.2-தான்.

பெயர் தெரியாத லீவரைச் சோதிக்க: லீவர் சுழலும் ஆணியின் நடுவிலிருந்து கேபிள் தலை உட்காரும் குழியின் நடுவுக்கு அளந்து பாருங்கள். 20 மிமீ பக்கம் என்றால் குறைந்த இழுப்பு. 30 மிமீ பக்கம் என்றால் வி-பிரேக்.

#6 பொன்துரு (சென்னை)

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ரெனால்ட்ஸ் குழாயில் செய்த சைக்கிளை இப்படி மாற்றத்தான் வேண்டுமா? கழுத்து நிமிர வேண்டும் என்றால் முதலில் ஸ்டெம்மை உயர்த்திப் பாருங்கள். நிட்டோ டெக்னாமிக் மாதிரி 225 மிமீ அடித்தண்டு கொண்ட ஸ்டெம் இருக்கிறது. ட்ராப் பாரையே சேணத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். மேல் நேர்ப்பகுதியில் பிரேக் வேண்டும் என்றால் சைக்ளோகிராஸ் ஆட்கள் போடுகிற இடைலீவர் இருக்கிறது. ட்ராப் பாரில் கை வைக்க நாலு இடம். ஃப்ளாட் பாரில் ஒரே இடம். இரண்டு மணி நேரம் ஓட்டினால் மணிக்கட்டு சொல்லும் வித்தியாசத்தை.

#7 பட்டறைமேசை

ஸ்டெம் உயர்த்தும் யோசனை சரி, நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இடைலீவர் இந்த வண்டிக்கு ஒத்துவராது. அது கேபிளின் அவுட்டரை (வெளி உறை) தள்ளி வேலை செய்வது. லீவரிலிருந்து வரும் அவுட்டர் பாரோடு ஒட்டி, டேப்புக்குள் ஓடினால்தான் அதை நடுவில் வெட்டிச் செருக முடியும். இவருடையது தலையிலிருந்து கேபிள் வெளியே வரும் லீவர். இடைலீவர் போட வேண்டுமென்றால் மெயின் லீவர் இரண்டையும் மாற்றி, டேப்பைப் பிரித்து, கேபிள் எல்லாம் புதிதாக இழுக்க வேண்டும். அதாவது ஃப்ளாட் பார் போடுகிற அதே அளவு வேலை.

அந்தக் காலத்தில் லீவரிலேயே கூடுதலாக ஒரு நீட்டக்கம்பி வைத்து விற்றார்கள், மேல்பகுதியிலிருந்து பிரேக் பிடிக்க. அதைத் தேடிப் போகாதீர்கள். அது லீவரின் பயணத்தில் பாதியைத் தின்றுவிடும், அழுத்தினால் வளையும், பலமாகப் பிடிக்க வேண்டிய நேரத்தில் பாரில் போய் முட்டி நின்றுவிடும்.

டவுன் ஓட்டம், கை ஏற்கெனவே மேலே. இவருக்கு ஃப்ளாட் பார் சரியான முடிவுதான். ஃப்ரேமில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை, எல்லாம் திரும்ப மாற்றக்கூடிய வேலை. கழற்றிய பார், லீவர், போல்ட், வாஷர் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

#8 வடக்குக்காற்று (பாரிஸ்)

இந்தக் கதை எனக்கும் தேவையானது. என்னட்டை இருக்கிறது 1970களின்ரை கடைசியிலை செய்த பெஜோ. ஸ்டெம் தண்டு 22.0, பார் வாய் 25.0 எண்டு வருது. பிழையா அளந்திட்டன் எண்டு ரெண்டு தரம் பாத்தன், அதேதான். 22.2 ஸ்டெம் ஒண்டு வாங்கினா இறங்குமோ?

#9 வெர்னியர்

நீங்கள் அளந்தது சரி. பிரெஞ்சுச் சைக்கிள்கள் 1980களின் நடுப்பகுதிவரை தங்கள் சொந்த மெட்ரிக் அளவிலேயே இருந்தன. ஸ்டெம் தண்டு 22.0, பார் வாய் 25.0, சாய்வுக் குழாய் 28.6-க்குப் பதில் 28.0, ஃபோர்க் மரை 25 × 1, ஃப்ரீவீல் மரை 34.7 × 1. கடையில் கிடைக்கும் எதுவும் நேராகப் பொருந்தாது, கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் "கிட்டத்தட்ட"தான் பொருளைக் கெடுக்கிறது.

22.2 ஸ்டெம்மைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். பாதியில் நின்றுவிடும், பிறகு மேலேயும் வராது. அலுமினிய ஸ்டெம்மாக இருந்தால், ஃபோர்க்குக்குள் போகும் பகுதியை மட்டும் எமரித் துணியால் சுற்றி வளைத்துத் தேய்த்து, சுற்றிலும் 0.1 மிமீ குறைத்தால் 22.0 ஆகிவிடும். பட்டையாகத் துணியைக் கிழித்து, ஷூ பாலிஷ் போடுவதுபோல் இரண்டு கையாலும் இழுத்து, பத்து இழுப்புக்கு ஒருமுறை தண்டைக் கால்வட்டம் திருப்ப வேண்டும். ஒரே பக்கம் தேய்த்தால் தண்டு முட்டை வடிவம் ஆகும். இடையிடையே வெர்னியர் காலிப்பர் வைத்துப் பாருங்கள். கையால் தள்ளினால் இறங்க வேண்டும், ஆடக்கூடாது.

உங்கள் பழைய ஸ்டெம் ஏவிஏ (பிரெஞ்சுக் கம்பெனி) என்றால் அதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். அதன் அடித்தண்டுப் பிளவின் முனையிலிருந்து விரிசல் கிளம்புவது பரவலாகத் தெரிந்த குறை.

#10 வடக்குக்காற்று

நல்லா விளங்குது, நன்றி. அப்ப பழைய ஸ்டெம்மை விட்டிட்டு, 25.4 வாய் உள்ள 22.2 ஸ்டெம் ஒண்டை எடுத்துத் தேய்க்கிறன். பார் பிரச்சினையும் அதோடை முடிஞ்சுது. கியர் லீவர்ப் பட்டை 28.0 குழாய்க்கு எண்டபடியா அதைத் தொடாமல் விடுறன்.

#11 பொன்துரு

வாய் 26.0, பார் 25.4 என்று மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி: குளிர்பானக் கேனை வெட்டினால் வரும் தகடு சுமார் 0.1 மிமீ. மூன்று சுற்று சுற்றினால் ஒரு பக்கத்துக்கு 0.3. இடைவெளி அடைந்துவிடும்.

#12 பட்டறைமேசை

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்கு சரிதான். ஆனால் மூன்று தளர்ந்த அடுக்கு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், அதுவும் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கின பிறகு. ஃப்ளாட் பாரில் இரண்டு கையும் பாரின் கடைசியில் இருக்கின்றன, நெம்புகோல் நீளம். பள்ளத்தில் இறங்கும்போது உடம்பு எடை முழுவதும் அந்த வாயில்தான் திருகும். இதற்கென்றே செய்த 25.4-லிருந்து 26.0 ஷிம் விற்கிறார்கள், ஒற்றைத் தகடு, வாயின் முழு அகலத்துக்கு. அதிலுள்ள பிளவு ஸ்டெம் வாயின் பிளவுக்கு நேராக வரும்படி வைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வைத்தால் ஷிம் மூடாது, போல்ட் மட்டும் இறுகும்.

எப்படிப் பூட்டினாலும் சோதனை ஒன்றுதான். முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாரை இடமும் வலமும் முறுக்குங்கள். பிறகு பாரின் இரண்டு முனையிலும் உடம்பு எடையைப் போட்டு அழுத்துங்கள். இரண்டிலும் எதுவும் நகரக்கூடாது.

#13 பொன்துரு

ஏற்றுக்கொள்கிறேன். ட்ராப் பாரில் லீவர் தலை அழுத்தினாலும் இப்படித்தான் திருகும், அங்கேயும் கேன் தகடு வைப்பது சரியில்லை. மேலே எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம்.

#14 மூன்றாம்கியர்

இருக்கிற பாரைக் கழற்றும் முறையைச் சொல்ல முடியுமா? ஸ்டெம்மையும் ஒரு முறை வெளியே எடுத்து கிரீஸ் வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

#15 பட்டறைமேசை

எடுத்தே ஆக வேண்டும். அலுமினிய ஸ்டெம் ஸ்டீல் ஃபோர்க்குக்குள் வருஷக்கணக்கில் நின்றால் இரண்டும் ஒட்டிப்போகும்.

டேப்பைப் பிரித்து, ஒரு பக்க பிரேக் லீவரை மட்டுமாவது கழற்றுங்கள். டேப்பின் பசை மண்ணெண்ணெய் தொட்ட துணிக்குப் போய்விடும்.

ஸ்டெம்மின் தலையில் இருக்கும் நீண்ட போல்ட்டை மூன்று சுற்று லூஸ் செய்து நிறுத்துங்கள், முழுதும் கழற்றக் கூடாது. இப்போது அது கொஞ்சம் மேலே எழும்பி நிற்கும். அதன்மேல் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. தலை உள்ளே புதைந்த வகை என்றால் அலன் கீயைச் செருகி அதன்மேல் தட்டுங்கள். உள்ளே இருக்கும் ஆப்பு கீழே விழுந்து ஸ்டெம் விடுபடும். விடவில்லை என்றால் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கின் அடித்துளை வழியாகத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். ஸ்டெம் வெளியே வந்தாலும் ஹெட்செட் (ஃபோர்க் சுழலும் பேரிங்) கழலாது, அதை மேலே இருக்கும் பூட்டு நட்டு தனியாகப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்து வாய் போல்ட்டைக் கழற்றி, பாரை அதன் வளைவின் போக்கிலேயே சுழற்றிச் சுழற்றி உருவ வேண்டும். சிக்கினால் ஸ்க்ரூடிரைவரைப் பிளவில் செருகி நெம்பாதீர்கள், அலுமினியம் விரியும், பிறகு ஒரு நாள் அங்கேயே பிளக்கும். போல்ட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து மரையில் ஏற்றி, பிளவுக்குள் ஒரு நாணயத்தை நிறுத்தி, போல்ட்டின் நுனி நாணயத்தில் முட்டும்படி மெல்ல முறுக்குங்கள். வாய் ஒரு நூலளவு திறக்கும், பார் கீறல் இல்லாமல் வந்துவிடும்.

திரும்பப் பூட்டும்போது தண்டுக்கும், ஆப்புக்கும், போல்ட் மரைக்கும் கிரீஸ். பார் வாய்க்குள் கிரீஸ் வேண்டாம். ஸ்டெம்மில் குறைந்தபட்ச ஆழக் கோடு பொறித்திருக்கும். அது ஹெட்செட்டுக்கு மேலே தெரியவே கூடாது. தலை போல்ட்டை வெறிகொண்டு முறுக்கவும் வேண்டாம். ஆப்பு ஃபோர்க் தண்டை உள்ளிருந்து புடைக்க வைத்துவிடும். முழங்கால் சோதனையில் திரும்பாத அளவுக்கு இறுகினால் போதும்.

#16 மூன்றாம்கியர்

நன்றி. இனி கியர். குழாயில் இருக்கிற லீவர் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கையை எடுத்துக் கீழே குனிய வேண்டியிருக்கிறது. கிளிக் கிளிக் என்று மாறும் 7 கியர் ஷிஃப்டர் மலிவாகக் கிடைக்கிறது, அதைப் போடலாமா?

#17 வெர்னியர்

அதை மட்டும் வாங்கினால் வேலை செய்யாது. கிளிக் ஷிஃப்டர் என்பது ஷிஃப்டர், பின் டிரெய்லர் (செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் தள்ளும் பாகம்), பல்சக்கர இடைவெளி மூன்றும் ஒரே கணக்கில் இருந்தால்தான் ஓடும். ஷிமானோ 1984-ல் எஸ்ஐஎஸ் என்ற கிளிக் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தக் கணக்கு ஒழுங்குக்கு வந்தது. உங்கள் வண்டியின் டிரெய்லர் சிம்ப்ளெக்ஸோ ஹூரேவோ என்றால் கிளிக்கோடு சேராது. ஒவ்வொரு கியரிலும் செயின் பக்கத்துப் பல்லை உரசிக்கொண்டு ஓடும்.

மூன்று வழி இருக்கிறது.

குழாயில் இருப்பதை அப்படியே விடுவது முதல் வழி. ஒரு காசும் செலவில்லை. ஃப்ளாட் பாருக்கும் குழாய் லீவருக்கும் ஒரு பகையும் இல்லை. சமதளமான ஊரில் சிக்னலுக்கு முன்னால் ஒருமுறை மாற்றினால் போதும் என்பவருக்கு இதுதான் சரி.

கிளிக் இல்லாத கட்டைவிரல் ஷிஃப்டர் இரண்டாவது. சன்ரேஸ், மைக்ரோஷிஃப்ட் இரண்டும் செய்கின்றன, பிடி 22.2, ஃப்ளாட் பாரில் நேராக ஏறும். எந்த டிரெய்லரோடும், எத்தனை பல்சக்கரத்தோடும் ஓடும். உங்களுக்கு நான் சொல்வது இது.

முழுவதும் கிளிக்குக்கு மாறுவது மூன்றாவது. 7 கியர் ஃப்ரீவீல், 7 கியர் செயின், ஷிமானோவோடு ஒத்துப்போகும் பின் டிரெய்லர், 7 கியர் ஷிஃப்டர் எல்லாம் புதிது. உங்கள் பின்னச்சின் அகலம் 126 மிமீ இருக்க வேண்டும், அளந்து பாருங்கள். 7 கியர் ஃப்ரீவீல் அதில் பெரும்பாலும் அடங்கும். சில அச்சில் மட்டும் சின்னப் பல்லும் ஃப்ரேமும் உரசும், வலப்பக்கம் 1 அல்லது 2 மிமீ வாஷர் சேர்த்து ரிம்மைத் திரும்ப நடுவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். இதைச் செய்தாலும் இடது கைக்குக் கிளிக் வேண்டாம். மலைச் சைக்கிள் ஷிஃப்டரின் இழுப்பும் ரோடு சைக்கிள் முன் டிரெய்லரின் அசைவும் பொருந்தாது. இடப்பக்கம் கிளிக் இல்லாததையே போடுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது வழிகளில் கேபிளின் அவுட்டர் வந்து நிற்க ஒரு இடம் வேண்டும். சாய்வுக் குழாயில் லீவருக்கென்று குமிழ் பற்றவைத்திருந்தால், லீவரைக் கழற்றி அதே குமிழில் கேபிள் நிறுத்தியைப் பூட்டலாம், அதிலேயே இழுவைத் திருகும் (கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்வது) இருக்கும். பட்டையால் கட்டிய லீவர் என்றால் 28.6 மிமீ பட்டை நிறுத்தி வாங்குங்கள்.

#18 பட்டறைமேசை

கேபிள் பற்றி. கடையில் இதைச் சொல்லித் தருவதில்லை.

ட்ராப் பார் லீவரின் பிரேக் கேபிள் தலை பேரிக்காய் வடிவம். ஃப்ளாட் பார் லீவருக்கு உருளை வடிவம், குறுக்கே படுத்த சின்ன பீப்பாய் மாதிரி. ஒன்று மற்றொன்றின் குழியில் உட்காராது. ஏதோ உட்கார்ந்த மாதிரி நின்றால் அது இன்னும் மோசம், அவசரமாகப் பிடிக்கும்போதுதான் நழுவும். பழைய கேபிளை மறந்துவிட்டுப் புதிது வாங்குங்கள். சில கேபிள்களில் இரண்டு முனையிலும் இரண்டு வகைத் தலை இருக்கும், வேண்டாததை வெட்டிவிட வேண்டியதுதான்.

பிரேக் அவுட்டர் 5 மிமீ, உள்ளே சுருள் கம்பி. கியர் அவுட்டர் 4 மிமீ, உள்ளே நீளவாக்கில் ஓடும் கம்பிகள். கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போடவே கூடாது. பலமாகப் பிடித்தால் அந்த நீளக்கம்பிகள் பிளாஸ்டிக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும், பிரேக் அந்த நொடியே போய்விடும்.

அவுட்டர் வெட்டும்போது சுருளின் கடைசி வளையம் நசுங்கி, ஒரு கொக்கி மாதிரி ஓட்டைக்குள் மடங்கியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். அந்தக் கொக்கி இன்னரை (உள்ளே ஓடும் கேபிள்) சுரண்டிக்கொண்டே இருக்கும். பழைய இன்னரைப் பத்து செமீ உள்ளே விட்டு, அவுட்டரின் முனையை அரத்தில் தட்டையாகத் தேயுங்கள். இன்னர் உள்ளே இருப்பதால் பிளாஸ்டிக் குழல் நசுங்காது. பிறகு கோணி ஊசியால் குழலின் வாயைத் திறந்து, தொப்பி மாட்டுங்கள். பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று வரும் புகாரில் பாதிக்குக் காரணம் இந்த முனைதான். கட்டையையும் காலிப்பரையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், கோளாறு இங்கே இருக்கும்.

நீளம்: பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பினாலும் அவுட்டர் இழுபடக் கூடாது. அதற்குமேல் ஒரு விரலளவுகூட மிச்சம் வைக்க வேண்டாம்.

#19 வெர்னியர்

இத்தோடு பிரேக் கட்டையையும் மாற்றிவிடுங்கள். நாற்பது வருஷத்து ரப்பர் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். எந்த லீவர் போட்டாலும் அது பிடிக்காது. கட்டையின் முன்முனை பின்முனையைவிட 1 மிமீ முன்னதாக ரிம்மைத் தொடும்படி வையுங்கள், கீச்சுச் சத்தம் வராது. வைன்மன் ஒருபக்கம் சாய்ந்து நின்றால் கட்டையை நகர்த்திச் சரிக்கட்ட வேண்டாம், நடு போல்ட்டை மெல்லிய ஸ்பானரால் பிடித்துக் காலிப்பரையே திருப்புங்கள். பிரிட்டனில் வலது லீவர் முன்பிரேக். பாரிஸ் நண்பருக்கு இடது.

இதே மாதிரி சைக்கிளில் குரோம் ஸ்டீல் ரிம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: மழையில் ஸ்டீல் ரிம் பிடிக்காது, லீவர் மாற்றத்தால் அது சரியாகாது. அலுமினிய ரிம்முக்குச் செலவழியுங்கள்.

#20 மூன்றாம்கியர்

வாங்கப் போகும் பட்டியல், பார்த்துச் சொல்லுங்கள்:

ஃப்ளாட் பார் 25.4, 580 மிமீ, அலுமினியம். கிரிப் ஒரு ஜோடி, 130 மிமீ. கிளிக் இல்லாத கட்டைவிரல் ஷிஃப்டர் ஒரு ஜோடி. குமிழில் பூட்டும் கேபிள் நிறுத்தி ஒரு ஜோடி (குமிழ் இருக்கிறது, பார்த்துவிட்டேன்). பிரேக் இன்னர் 2, உருளைத் தலை. பிரேக் அவுட்டர் 2.5 மீட்டர். கியர் இன்னர் 2, அவுட்டர் 2 மீட்டர். தொப்பி இரண்டு அளவிலும். பிரேக் கட்டை 4. பிரேக் லீவர் ஒரு ஜோடி, கடையில் காட்டியதை அளந்தேன், ஆணியிலிருந்து கேபிள் குழிக்கு 31 மிமீ.

#21 வெர்னியர்

கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் சரி. 31 மிமீ என்றால் அது வி-பிரேக் லீவர். சில லீவரில் கேபிள் குழியை ஆணிக்குப் பக்கத்தில் நகர்த்த ஒரு திருகோ பித்தானோ இருக்கும். இது அப்படி இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

#22 பட்டறைமேசை

இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பாரின் இரண்டு முனைக்கும் அடைப்பான், கிரிப்போடு வரவில்லை என்றால். திறந்த குழாய் முனையோடு விழுந்தால் அது வயிற்றில் குத்தும். கிரிப் ஏற்றும்போது எண்ணெயோ சோப்போ வேண்டாம், ஸ்பிரிட் தொட்டு ஏற்றினால் வழுக்கிப் போகும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். பாரில் வரிசை: உள்ளேயிருந்து வெளியே ஷிஃப்டர், பிரேக் லீவர், கிரிப். லீவரைக் கிடைமட்டமாக நிறுத்தாமல், சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டும்போது முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வரும்படி முன்பக்கம் தாழ்த்தி வையுங்கள்.

#23 மூன்றாம்கியர்

லீவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டெக்ட்ரோ எஃப்எல்750 சொல்லியிருக்கிறேன். அளந்த பிறகுதான் காசு கொடுப்பேன்.

#24 வெர்னியர்

முதல் 50 கிமீ ஓடியதும் ஸ்டெம் வாய், தலை போல்ட், காலிப்பரில் கேபிளைப் பிடிக்கும் நட்டு மூன்றையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். புதுக் கேபிளின் அவுட்டர் தொப்பிக்குள் அமர்ந்து கேபிள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். லீவரில் இருக்கும் இழுவைத் திருகை இரண்டு சுற்று வெளியே விட்டால் போதும், கேபிளைக் கழற்றிக் கட்ட வேண்டியதில்லை.